தடிமனுக்கு மருந்து தேடிய கதை

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் பிறந்து, இந்நாட்டு மரங்கள் இலையுதிர்த்து நிற்கத் தொடங்கியதும், இலண்டனில் வாழும் எம்மவர் வீடுகளில் இருமலும் தும்மலும் குடிபுகுந்து விடுகின்றன. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை கொண்டுவரும் தடிமன் ஒரு வாரத்துக்குள் தாய், தகப்பன், அம்மம்மா என வீடு முழுவதையும் வலம் வருகின்றது. வேலைக்கு விடுப்பு எடுத்து, மொழி தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் சென்றால், அவர் தொண்டையைப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, "இது வைரசு, பரசிற்றமோல் கொடுங்கள், நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள்" என்று கூறி அனுப்பிவிடுகின்றார். மருந்துச் சீட்டின்றித் திரும்பும் பெற்றோர் மனத்தில் ஒரு கேள்வி எழுகின்றது: அகதிகள் என்பதனாற்றானா எமக்கு நல்ல மருந்து தரப்படவில்லை?

இக்கேள்வியை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. 1990களில் வடபகுதி மீது விதிக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடையின்போது, சாதாரணக் குளிசைகளுக்கும் தட்டுப்பாடு நிலவியதை அனுபவித்தவர்கள் நாம். மருந்து மறுக்கப்படுவது என்றால் என்னவென்று அறிந்த மக்கள், வைத்தியர் "மருந்து தேவையில்லை" என்று சொல்லும்போதும் அதே மறுப்பைக் காண்பது இயல்பே. எனினும் மறுப்பு வேறு, தேவையற்றதைத் தவிர்க்கும் அறிவு வேறு. தடிமன், இன்புளுவன்சா முதலிய சுவாச நோய்கள் விடயத்தில் அவ்வறிவு எளிதிற் கிடைத்ததன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட தேடலும், தவறுகளும், உயிரிழப்புகளும் அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

காணாத கிருமியைத் தேடி

1889 ஆம் ஆண்டில் தொடங்கி உலகை வலம் வந்த பெரும் இன்புளுவன்சாக் காய்ச்சலின் பின்னர், ஜேர்மனிய அறிஞர் ரிச்சர்ட் பைபர் நோயாளரின் சளியில் ஒரு பற்றீரியாவைக் கண்டார். இதுவே இன்புளுவன்சாவின் காரணி என 1892 இல் அறிவித்தார். அவரது புகழ் காரணமாக அக்கூற்றைப் பலரும் ஏற்றுக்கொண்டனர். ஆனால் அது தவறான முடிவு.

1914 இல் லைப்சிக் நகரில் வால்ற்றர் குரூஸ் என்ற ஆய்வாளர் வேறொரு வழியிற் சென்றார். தடிமன் பிடித்திருந்த தமது உதவியாளரின் மூக்குச் சளியை உப்புநீரிற் கரைத்து, பற்றீரியாக்கள் புகமுடியாத நுண்ணிய வடிகட்டியிற் செலுத்தினார். வடிந்த நீரைப் பன்னிருவர் மூக்கில் விட்டபோது நால்வருக்குத் தடிமன் உண்டாயிற்று. பின்னர் 36 மாணவர்களிடம் சோதித்தபோது 15 பேர் நோயுற்றனர். பற்றீரியாவினும் சிறிய ஏதோவொன்று தடிமனை உண்டாக்குகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. ஆயினும் அவ்வாண்டிலேயே உலகப்போர் மூண்டது. அவரது ஆய்வு பரவலாகக் கவனிக்கப்படவில்லை.

போரின் இறுதியாண்டான 1918 இல், கோடிக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட இன்புளுவன்சா வந்தது. இந்தியாவில் மாத்திரம் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர், இலங்கையும் தப்பவில்லை. வைத்தியர்கள் கையில் இருந்தவற்றையெல்லாம் கொடுத்துப் பார்த்தனர். மலேரியாவுக்குரிய குயினைன், மதுவகைகள், இன்று நஞ்செனக் கருதப்படும் அளவிலான அஸ்பிரின் ஆகியன வழங்கப்பட்டன. பைபரின் பற்றீரியாவுக்கு எதிராகத் தடுப்பூசிகளும் தயாரிக்கப்பட்டன. காரணி தவறாக அறியப்பட்டமையால் அவை இன்புளுவன்சாவைத் தடுக்கும் ஆற்றல் அற்றிருந்தன.

1933 இல் இலண்டன் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வில்சன் சிமித், கிறிஸ்தோபர் அன்ட்றூஸ், பற்றிக் லெயிட்லோ ஆகிய மூவரும், மனித இன்புளுவன்சா வைரசை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். கீரியைப் போன்ற தோற்றமுடைய பெரற் என்னும் சிறு விலங்கு இதற்கு உதவிற்று. 1918 இல் மாண்டவர்களுட் பெரும்பாலானோருக்கு, வைரசினாற் புண்பட்ட நுரையீரலிற் பின்னர் பற்றீரியாக்கள் புகுந்து நியூமோனியாவை உண்டாக்கின என்பதும் பிற்கால ஆய்வுகளில் தெளிவாயிற்று. வைரசு கதவைத் திறக்கின்றது. சில வேளைகளில் பற்றீரியா பின்னால் நுழைகின்றது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பது பெரும்பாலும் இதிலேயே தங்கியுள்ளது.

சோல்ஸ்பரியிற் பத்து நாள் விடுமுறை

மேற்கூறிய மூவருள் ஒருவரான அன்ட்றூசின் முயற்சியால், 1946 இல் இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகருக்கருகே தடிமன் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலிற் கொண்டுவந்து பொருத்தப்பட்ட மருத்துவமனைக் கட்டடங்களே அதன் இருப்பிடமாயின. பத்து நாள் தங்குமிடமும் உணவும் சிறு கைச்செலவுப் பணமும் வழங்கி, பொதுமக்களிலிருந்து தொண்டர்களை அழைத்தனர். நிபந்தனை ஒன்றே: மூக்கிற் சில துளி மருந்துநீரை ஏற்கவேண்டும். அதில் வைரசு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாணவர்கள் பாடம் படிக்க வந்தனர். புதுமணத் தம்பதியரும் வந்தனர். 1990 இல் நிலையம் மூடப்படும்வரை ஏறக்குறைய 20,000 பேர் இவ்வாறு தங்கிச் சென்றனர்.

எம் மூதாட்டியர் மாத்திரமன்றி ஆங்கிலேய மூதாட்டியரும் நம்பிய ஒன்று அங்கே சோதிக்கப்பட்டது. தொண்டர் சிலர் வெந்நீரிற் குளித்துவிட்டு, ஈரத்துடன் காற்றோட்டமான நடையில் நிறுத்தப்பட்டனர்; பின்னர் ஈரக் காலுறை அணிந்து திரிந்தனர். வைரசு கொடுக்கப்படாமல் குளிரவைக்கப்பட்ட இவர்களுக்குத் தடிமன் வரவில்லை. குளிர் மாத்திரம் தடிமனைப் படைப்பதில்லை என்பது தெரியவந்தது. மாரிகாலத்தில் மூடிய அறைகளில் நெருங்கி வாழ்தல் நோய் பரவ வாய்ப்பளிக்கின்றது.

டேவிட் டிரெல் என்ற வைத்தியரின் தலைமையில், மூக்கின் உட்புறத்தை ஒத்த 33 பாகை வெப்பநிலையில் தடிமன் வைரசுகள் 1960 அளவில் வளர்க்கப்பட்டன. ரைனோ வைரசு என்னும் அவ்வினத்தில் மாத்திரம் 160க்கு மேற்பட்ட வகைகள் இன்று அறியப்பட்டுள்ளன. 1965 இல் டிரெலும் அவரது சகாவும், ஒரு மாணவனின் மூக்குச் சளியிலிருந்து வேறொரு புதுவகை வைரசை அறிவித்தனர். அந்த இனத்துக்கு 1968 இல் கொரோனா எனப் பெயரிடப்பட்டது. 2020 இல் உலகையே முடக்கிய வைரசின் உறவினர், ஒரு சாதாரணத் தடிமனிலிருந்தே முதலில் இனங்காணப்பட்டவர்களுள் ஒருவராவர்.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்தும் தடிமனைத் தீர்க்கும் மருந்தை அந்நிலையம் கண்டுபிடிக்கவில்லை. இத்தனை வகை வைரசுகள் இருக்கையில், ஒரே தடுப்பூசியோ ஒரே மருந்தோ ஏன் எளிதன்று என்பதை அது உலகுக்கு உணர்த்திற்று. மருந்துச் சீட்டின்றி வெளியே வரும் நாம், வைத்தியரிடம் இருக்கும் இரகசிய மருந்தொன்று எமக்கு ஒளிக்கப்படவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம். அவ்வாறான மருந்து எவரிடமும் இல்லை.

பெனிசிலினும் அதன் எச்சரிக்கையும்

"அப்படியாயின் அன்ரிபயோட்டிக் எதற்கு?" என்று கேட்கலாம். 1928 இல் இலண்டன் சென் மேரிஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். ஒக்ஸ்போர்டில் புளோரி, செயின், ஹீற்லி ஆகியோர் அதை மருந்தாக்கினர். 1941 இல் கிருமிப் புண்ணால் இறக்குந் தறுவாயிலிருந்த ஒரு பொலிஸ்காரருக்கு அது ஏற்றப்பட்டது. வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டார். ஆனால் மருந்து போதவில்லை. அவரது சிறுநீரிலிருந்துகூட மருந்தை மீட்டெடுத்துக் கொடுத்தனர். அதுவும் தீர்ந்ததும் அவர் இறந்தார். அத்துணை அரிய பொருளாய் இருந்த மருந்து, சில ஆண்டுகளிற் பெருந்தொகையாக உற்பத்தியாயிற்று.

பெனிசிலின் பற்றீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அதை அழிக்கின்றது. வைரசுக்கு அத்தகைய சுவரே இல்லை. இல்லாத மதிலை இடிக்க எந்தக் கருவியாலும் இயலாது. ஆதலின் தடிமனுக்கு எத்தனை குளிசை விழுங்கினும் வைரசு அசைவதில்லை; வயிற்றோட்டமும் தோற்றடிப்புமே மிஞ்சலாம்.

1945 மார்கழியில் நோபல் பரிசு பெற்றபோது பிளெமிங் ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் காட்டினார். தொண்டை நோவுடைய ஒருவர் தாமாகவே பெனிசிலினை வாங்கிப் போதாத அளவிற் குடிக்கின்றார். கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகுகின்றது; மனைவிக்குத் தொற்றுகின்றது. அவருக்கு நியூமோனியா வந்தபோது அதே மருந்து பயன்படாமற்போக, அவர் இறக்கின்றார். மனைவியின் மரணத்துக்குப் பொறுப்பாளி யார் என்பதே பிளெமிங் சபையோர்முன் வைத்த வினா. பிரித்தானியா 1947 இல் சட்டமியற்றி, வைத்தியரின் சீட்டின்றிப் பெனிசிலின் விற்பதைத் தடை செய்தது. அந்த எச்சரிக்கை வீண்போகவில்லை. மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.

எமது ஊர்களில் வைத்தியர்கள் தொண்டை நோவுக்கு அடிக்கடி பெனிசிலின் கொடுத்தமைக்கும் நியாயம் உண்டு. ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் பற்றீரியாவினால் வரும் தொண்டை நோவு, சில சிறுவரிடம் மூட்டுவாதக் காய்ச்சலாகி, இருதய வால்வுகளைப் பழுதாக்கும். நெருக்கமும் வறுமையும் உள்ள நாடுகளில் இவ்வாபத்து மிகுதி. பரிசோதனை வசதி குறைந்த இடத்தில் முன்னெச்சரிக்கையாகக் கொடுத்தனர். பிரித்தானியாவில் அந்நோய் அரிதாகிவிட்டது. நோய்களின் நிலவரம் மாறும்போது அறிவுடைய வைத்தியமும் மாறுகின்றது. எனவே அங்கே கொடுத்த வைத்தியரும் இங்கே கொடாத வைத்தியரும் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்லர்.

மருந்தே தீங்கானபோது

"தீர்க்காவிடினும் ஏதாவது கொடுத்தால் என்ன குறை?" என்பாரும் உளர். 1898 இல் ஜேர்மனியின் பாயர் நிறுவனம் இருமலுக்கு ஒரு புதுமருந்தை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் ஹெரோயின். அது மனிதரை அடிமைப்படுத்தும் நஞ்சென்பது பின்னரே உலகுக்குப் புரிந்தது.

1963 இல் சிட்னி நகரச் சிறுவர் மருத்துவமனையைச் சேர்ந்த டக்ளஸ் றேய் என்பவரும் சகாக்களும், 21 சிறுவர்களைத் தாக்கிய ஒரு விநோத நோயை விவரித்தனர். தடிமன் போன்ற நோய் தணியும் வேளையிற் பிள்ளைக்கு வாந்தியும் மயக்கமும் வந்து, ஈரலும் மூளையும் பழுதடைந்தன. வைரசுக் காய்ச்சலின்போது அஸ்பிரின் கொடுப்பதற்கும் இதற்கும் தொடர்புண்டு எனப் பின்னர் அறியப்பட்டது. அமெரிக்காவில் 1979-80 காலப்பகுதியில் 555 பேருக்கு இந்நோய் பதிவாயிற்று. எச்சரிக்கைகள் பரவிய பின்னர், 1987 முதல் ஆண்டுக்கு 36 பேருக்கு மேற் பதிவாகவில்லை. பிரித்தானியா 1986 இல் 12 வயதுக்குட்பட்டோருக்கு அஸ்பிரினை விலக்கியது. பின்னர் அவ்வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. டிஸ்பிரின் என நாம் அறிந்ததும் அஸ்பிரினே. ஊரிலிருந்து வரும் உறவினர் பையிற் கொண்டுவந்தாலும், அதைக் காய்ச்சற்காரப் பிள்ளைக்குக் கொடுத்தலாகாது. கடையில் விற்கும் இருமல், தடிமன் பாணி மருந்துகளையும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம் எனப் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2009 இல் அறிவுறுத்தியது.

சோதித்து அறிந்த பொறுமை

1997 இல் சவுத்தாம்ப்டன் வைத்தியர் போல் லிட்டிலும் சகாக்களும் தொண்டை நோவுடைய 716 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு உடனே அன்ரிபயோட்டிக், ஒன்றுக்கு எதுவுமில்லை, மூன்றாவதற்கு, சில நாள் பொறுத்தும் குறையாவிடின் பெற்றுக்கொள்ளத்தக்க சீட்டு. நோய் தீர்ந்த காலத்தில் மூன்று பிரிவினரிடையேயும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. உடனே மருந்து பெற்றவர்களோ, மருந்தாலேயே சுகம் கிடைத்தது என நம்பி மறுமுறையும் வைத்தியரை நாடினர். 2013 இல் வெளியான, ஐரோப்பாவின் 12 நாடுகளில் இருமலுடன் வந்த 2,061 பெரியவர்களை ஆராய்ந்த சோதனையும், நியூமோனியா ஐயப்படாதவிடத்து அமொக்சிசிலினால் நோய்க்காலம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றே காட்டிற்று.

கொவிட் காலத்தில் இப்பாடம் மீண்டும் எழுதப்பட்டது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் நடத்திய பெருஞ்சோதனையில், மலேரியா மருந்தான ஹைட்ரொக்சி குளோரோகுயினும், அசித்ரோமைசின் என்னும் அன்ரிபயோட்டிக்கும், மருத்துவமனையில் இருந்த நோயாளரின் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. மலிவான பழைய மருந்தான டெக்சாமெதசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணத்தை மூன்றிலொரு பங்கால் குறைத்தது; ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ நன்மை தரவில்லை. ஒரே மருந்து ஒருவருக்கு உயிர், மற்றவருக்கு வீண். ஏற்ற வைத்தியம் என்பது மருந்தின் பெயரிலன்று, நோயாளியின் நிலையிலும் காலத்திலும் தங்கியுள்ளது.

எமது வீடுகளில்

இவ்வரலாறு எமக்குத் தரும் நடைமுறைப் பயன் யாது? முதலாவது, நோய்க்குரிய கால அளவை அறிதல். பிரித்தானியச் சுகாதார வழிகாட்டல் 2008 இற் கூறியபடி, காதுநோவு ஏறக்குறைய 4 நாளும், தொண்டை நோவு ஒரு வாரமும், தடிமன் ஒன்றரை வாரமும், இருமல் மூன்று வாரமும் நீடித்துத் தாமாகவே தணிவது வழக்கம். பத்தாம் நாளில் இருமல் நிற்கவில்லை என்பதனால் மாத்திரம் அஞ்ச வேண்டியதில்லை.

எமது கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இட்ட குடிநீர் வைரசைக் கொல்லாது. ஆயினும் இளஞ்சூடான பானம் தொண்டைக்கு இதமளிக்கும், உடலின் நீர்க்குறையையும் தீர்க்கும். இருமலுக்குத் தேன் கொடுக்கலாம் என இந்நாட்டு வழிகாட்டலும் கூறுகின்றது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மாத்திரம் அறவே ஆகாது. கொதிநீர்ச் சட்டியில் வேது பிடிப்பதைச் சிறுவர்களுக்குத் தவிர்த்தல் வேண்டும். சட்டி கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகள் நிகழ்ந்துள்ளன.

இரண்டாவது, பொறுத்திருக்கலாகாத வேளையை அறிதல். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல். பிள்ளை விரைவாக மூச்செறிதல், விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுத்தல், பால் குடியாமை, எழுப்பக் கடினமான சோர்வு. பெரியவருக்கு நெஞ்சுநோவு, மூச்சுத்திணறல், இரத்தம் கலந்த சளி, மனக்குழப்பம் ஆகியன உடனடிக் கவனத்துக்குரியவை. உதடு நீலமாதலை எமது நிறமுடையோரில் எளிதிற் காணவியலாது. நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் உள்ளங்கையையும் பார்த்தல் வேண்டும். அவசரமெனில் 999, ஐயமெனில் 111. முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு, ஆஸ்துமா உடையோர் நேரகாலத்துடன் ஆலோசனை பெறுதல் நன்று. இன்புளுவன்சாவுக்கெதிரான வைரசு மருந்துகள் உள்ளன. ஆபத்துக் கூடியவர்களுக்கு அவற்றை முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்குவதே பயன் மிகுந்தது. கைக்குழந்தைகளின் மார்பைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரசுக்கெதிராக, 28 வாரம் கடந்த கர்ப்பிணிகளுக்கு 2024 புரட்டாதி முதல் இங்கு தடுப்பூசி வழங்கப்படுகின்றது.

மூன்றாவது, கேட்டறியும் உரிமை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். நோயையும் மருந்தையும் தாய்மொழியில் விளங்கிக்கொள்ளும் மரபு எமக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்ய வதிவிட உரிமைப் பத்திரம் அவசியமில்லை. மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். பள்ளிப் பிள்ளையைத் தாயின் நோய்க்கு மொழிபெயர்ப்பாளராக்க வேண்டியதில்லை.

ஆகவே வைத்தியர் "மருந்து வேண்டாம்" என்னும்போது, நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம்: இது எத்தனை நாள் நீடிக்கும்? எந்த அறிகுறி கண்டால் திரும்பி வரவேண்டும்? அப்போது யாரை அழைப்பது? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்குமாயின் எமக்கு வைத்தியம் கிடைத்துவிட்டது. விடை தராமல் அனுப்பினால் அதுவே புறக்கணிப்பு. அதை எதிர்த்துக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.